இருண்ட மங்காக்களில் வன்முறைக்கு அப்பால் என்ன இருக்கிறது?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
பெர்செர்க் என்ற மங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதையின்) முதல் தொகுதிகளில் பக்கத்துக்குப் பக்கம் குருதியும் கொடுமையும் வந்ததால் மூடிவைத்துவிட்டேன். தொடர்ந்து படிக்கலாமா?

மறுமொழி (மஞ்சக்குப்பம், கடலூர்):
அவசியம் படியுங்கள். கென்டாரோ மியுரா 1989-இல் தொடங்கிய அந்தக் கதை, நாயகன் கட்ஸின் கடந்தகாலத்துக்குத் திரும்பும் இடத்திலிருந்துதான் உண்மையில் விரிகிறது. படைத்தலைவன் கிரிஃபித்துடன் அவனுக்கிருந்த நட்பை அறிந்த பிறகு, வெறும் வெறியாகத் தெரிந்த அவனது சினம் நமக்குத் துயரமாகவே படுகிறது. இரவில் பாசறைத் தீக்களைப் பார்த்து, ஒவ்வொன்றும் ஒருவனின் சிறு கனவு என்று கட்ஸ் சக வீராங்கனை காஸ்காவிடம் சொல்லும் பக்கத்தை நான் வெகுநேரம் புரட்டவில்லை.

மறுமொழி (லாஸ்பேட்டை, புதுச்சேரி):
உடன்படுகிறேன், ஆயினும் பாலியல் வன்கொடுமைக் காட்சிகள் சில இடங்களில் தேவைக்கு மிஞ்சியவை என்பதே என் கருத்து. குருதி ஒவ்வாதெனில், நவோகி உரசாவாவின் மான்ஸ்டர் அனிமேயை (ஜப்பானிய அசைபடத் தொடரை) பாருங்கள். தாம் உயிர்காத்த சிறுவனே கொலைகாரனாக வளர்ந்ததை அறிந்த மருத்துவரின் தவிப்பை அது 74 பகுதிகளில் பொறுமையாகச் சொல்கிறது.

கேட்டவர்:
நன்றி. மூன்றாம் தொகுதியை இன்றிரவே மீண்டும் எடுக்கிறேன்.