கேரண்டி கேபின்: கப்பல் கிளம்ப 16 நாள்தான், அறை எண் இன்னும் வரவில்லை. உதவி தேவை

முதல்கப்பல்

வணக்கம். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் ஐந்து இரவுப் பயணம். ராயல் கரீபியனின் குவாண்டம் ரகக் கப்பல். கப்பலில் போவது இதுதான் முதல் தடவை. ஏஜென்ட் மூலம் இரண்டு கேபின் போட்டிருக்கிறோம். நான், மனைவி, 4 வயது மகள் மூவருக்கும் பால்கனி. மதுரையிலிருந்து வரும் அம்மா, அப்பாவுக்கு ஜன்னல் இல்லாத உள் அறை. விலை குறைவு என்பதால் இரண்டையுமே கேரண்டியில் எடுத்தோம், அதாவது அறையின் வகையை மட்டும் நாங்கள் தேர்ந்தெடுத்தோம், எண்ணைக் கப்பல் நிறுவனமே பின்னால் ஒதுக்கும்.

பணம் முழுக்கக் கட்டியாகிவிட்டது. ஆப்பைத் திறந்தால் அறை எண் இருக்கவேண்டிய இடத்தில் இன்னும் ஜிடிஒய் (கேரண்டி என்பதன் சுருக்கம்) என்றே நிற்கிறது. எண் எப்போது வரும்? வராமலே துறைமுகத்துக்குப் போகலாமா? இரண்டு அறையும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்குமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிக தூரம் நடக்க முடியாது. லக்கேஜ் டேக்கும் எண் இல்லாமல்தான் அச்சாகிறது. எண் வந்தபிறகு ஆன்லைன் செக்-இன் செய்யலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன். சரிதானே?

டெக்பிளான்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சரியில்லை, செக்-இன்னை இன்றே முடித்துவிடுங்கள். அறை எண்ணுக்கும் செக்-இன்னுக்கும் தொடர்பே கிடையாது. பாஸ்போர்ட் பக்கம், முகப்படம், கப்பல் செலவுக்கான கார்டு, இவ்வளவுதான் கேட்கும். அதோடு துறைமுகத்துக்கு எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்ற நேரமும் அங்கேதான் தேர்ந்தெடுக்கவேண்டும். மதியத்துக்கு முந்தைய நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். இரண்டு புக்கிங்குக்கும் ஒரே நேரம் கிடைக்கவேண்டுமானால் இரண்டையும் ஒரே அமர்வில் முடியுங்கள். கேரண்டி எடுத்தவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். எண்ணுக்காகக் காத்திருந்து, கடைசியில் பிற்பகல் நேரம்தான் மிஞ்சும்.

எண் எப்போது வரும் என்பதற்குத் தேதி கிடையாது. புக் செய்த மறுநாளே வரலாம், துறைமுகக் கவுண்டரிலும் வரலாம். பெரும்பாலும் கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் வரும். 16 நாள் இருக்கும்போது வராதது தாமதமே இல்லை.

உங்கள் புக்கிங் தாளை எடுத்து, கேபின் வகை என்ற இடத்தில் இரண்டெழுத்துக் குறியீடு என்ன என்று பாருங்கள். உள் அறைக் கேரண்டிக்கு இசட்-ஐ, கடல்பார்வை ஜன்னலுக்கு ஒய்-ஓ, பால்கனிக்கு எக்ஸ்-பி, சூட்டுக்கு டபிள்யூ-எஸ். உங்களிடம் ஒன்றில் எக்ஸ்-பி, மற்றதில் இசட்-ஐ இருக்கவேண்டும். அந்த வகை, அல்லது அதற்கு மேல். கேரண்டி என்ற சொல் உறுதி தருவது இதை மட்டும்தான். தளம், முன்பக்கம் பின்பக்கம், அடுத்தடுத்த அறை, லிஃப்ட் தூரம் எதற்கும் உறுதி இல்லை.

சவுத்பியர்

தினமும் ஏஜென்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருங்கள் சார். தொல்லை தாங்காமல் நல்ல அறையாகப் போட்டுத் தருவார்கள். உள் அறைக்காரர்களுக்குப் பால்கனியே கிடைக்கும்.

டெக்பிளான்

சவுத்பியர், இதை நம்பி யாரும் ஏமாறக்கூடாது என்பதால் மறுத்துச் சொல்கிறேன். அறை ஒதுக்குவது ஏஜென்ட் கையில் இல்லை. கப்பல் நிறுவனத்தின் இருப்புப் பிரிவு மொத்தமாக உட்கார்ந்து செய்யும் வேலை அது. பால்கனி விற்றுத் தீராமல், உள் அறைகள் அளவுக்கு மேல் விற்றுப்போயிருந்தால் சிலரை மேலே தள்ளுவார்கள். ஆனால் அந்தக் காலிப் பால்கனியை முதலில் காசுக்குத்தான் விற்கப் பார்ப்பார்கள்: கூடுதல் கட்டணம் கட்டுகிறீர்களா என்று கேட்டு அழைப்பார்கள், ஏலத்துக்கு விடுவார்கள். இலவச உயர்வு எப்போதாவது நடக்கும். அதை எண்ணி உள் அறை எடுக்கக்கூடாது.

எண் தாமதமாவதற்கும் காரணம் உண்டு. இறுதிப் பணம் கட்டும் தேதியை ஒட்டி நிறைய ரத்துகள் விழும். குழுவாக எடுத்துவைத்த அறைகளில் விற்காதவற்றை ஏஜென்ட்கள் திருப்பிக் கொடுப்பார்கள். இவை அடங்கியபிறகுதான் கேரண்டிக்காரர்களை நிரப்புவார்கள்.

உங்களைப்போல் மூன்று பேர் ஒரே அறையில் என்றால் இன்னொரு கட்டுப்பாடும் சேரும். மூன்றாம் படுக்கை எல்லா அறையிலும் இருக்காது. சோபா படுக்கையாக விரியவேண்டும், அல்லது கூரையிலிருந்து இறங்கும் படுக்கை இருக்கவேண்டும். அதற்குமேல், அவசரகாலத்தில் பயணிகள் கூடும் ஒவ்வொரு இடத்துக்கும் உயிர்காப்புப் படகுக் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் ஆள் கணக்கு நிரம்பிவிட்டால், படுக்கை காலியாக இருந்தாலும் அங்கே மூன்றாம் ஆளைப் போடமாட்டார்கள்.

அதனால் ஏஜென்டுக்கு ஒரே ஒரு அழைப்பு போதும், ஆனால் அதை இன்றே செய்யுங்கள். ஒன்று, பால்கனி புக்கிங்கில் மகள் பெயரோடு மூவர் என்று இருக்கிறதா. இரண்டு, அம்மா அப்பா அறையில் படுக்கை சேர்த்தா, தனித்தனியா என்று எழுதியிருக்கிறதா. மூன்று, இரண்டு புக்கிங் எண்களையும் ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்களா. இணைத்தால் இரவுச் சாப்பாட்டில் ஒரே மேசை கிடைக்க வழி உண்டு. அறை அடுத்தடுத்து வரும் என்று அர்த்தமில்லை. ஏஜென்ட் போட்ட புக்கிங்கைப் பற்றி நிறுவனம் பொதுவாக உங்களிடம் நேராகப் பேசாது, அதனால் அவர் வழியாகவே கேளுங்கள்.

வாசல்படி

முழங்கால் விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குவாண்டம் ரகம் கிட்டத்தட்ட 348 மீட்டர் நீளம். பயணிகள் லிஃப்ட் முன்பக்கம் ஒரு தொகுதி, பின்பக்கம் ஒரு தொகுதி, அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவிலோ கடைக்கோடியிலோ அறை விழுந்தால், சாப்பிடப் போய்வர ஒவ்வொரு முறையும் நீளமான தாழ்வாரம். கம்பளம் விரித்த தரையில் முழங்கால் வலிக்காரர்களுக்கு அது சின்ன நடை இல்லை.

முதல்கப்பல், கேரண்டியை விட்டு வெளியே வர இன்னும் வழி இருக்கிறது. எண் ஒதுக்குவதற்கு முன், அம்மா அப்பாவின் புக்கிங்கை மட்டும் எண் தேர்ந்தெடுக்கும் கட்டணத்துக்கு மாற்ற எவ்வளவு ஆகும் என்று ஏஜென்டைக் கேளுங்கள். இன்றைய விலைக்கும் நீங்கள் கட்டியதற்கும் உள்ள வித்தியாசம் வரும். காலி அறை இருந்தால்தான் நடக்கும். எண் வந்தபிறகு மாற்றுவது இன்னும் கடினம்.

மாற்றினால் உங்கள் அறைக்குப் பக்கத்தில் என்று தேடாதீர்கள். உங்கள் பால்கனி எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. லிஃப்டுக்குப் பக்கத்தில் தேடுங்கள். லிஃப்ட் கூடத்தைப் பார்த்த முதல் கதவு வேண்டாம், இரவெல்லாம் பேச்சுச் சத்தம் இருக்கும். தாழ்வாரத்துக்குள் நாலைந்து கதவு தள்ளி இருந்தால் சரி. உங்கள் பால்கனியைக் கேரண்டியாகவே விட்டுவிடலாம், நடக்கவேண்டியவர்கள் நீங்கள்தானே.

குளியலறையையும் சொல்லவேண்டும். சாதாரண கேபினில் குளியலறை வாசலில் தூக்கிய படி இருக்கும். தண்ணீர் வெளியே வழியாமல் தடுக்கவே அது. முழங்கால் வலிக்காரர்கள், அதிலும் இரவில் எழுபவர்கள், கால் தட்டுவது அங்கேதான். உள் அறையில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. நல்லவேளையாக இந்த ரகக் கப்பலில் உள் அறைகளுக்கு மெய்நிகர் பால்கனி உண்டு. தரையிலிருந்து கூரைவரை 80 அங்குலத் திரை, வெளியே கடலைக் கேமரா வழியாகக் காட்டும். அதை அணைக்காமல் திரைச்சீலையை முக்கால்வாசி இழுத்துவிட்டால், குளியலறை வாசல்வரை மெல்லிய வெளிச்சம் விழும். திரை வெளிச்சம் தூக்கத்தைக் கெடுத்தால், குளியலறை விளக்கைப் போட்டுக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலியே தேவைப்படுமானால் கேரண்டியில் போகவே கூடாது. படி இல்லாத குளியலறையும் அகலக் கதவும் கொண்ட அறைகள் தனி எண்ணிக்கையில் இருக்கின்றன. அவற்றைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்கவேண்டும், கேரண்டியில் தானாக வராது.

முதல்கப்பல்

ரொம்ப நன்றி. செக்-இன் முடித்துவிட்டேன், இரண்டு புக்கிங்குக்கும் 12:30 மணி. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டாம், மெதுவாக நடப்பார். ஏஜென்டிடம் விலை கேட்டிருக்கிறேன். பால்கனியிலிருந்து பெரிய அறைக்கு ஏலம் கேட்கலாம் என்று ஒரு மின்னஞ்சலும் வந்திருக்கிறது. போடலாமா?

டெக்பிளான்

போடுவதற்கு முன் மூன்றைக் கவனியுங்கள். திரையில் தெரியும் தொகை ஒரு ஆளுக்கு. அறைக்கு இரண்டு ஆள் கணக்கில் எடுப்பார்கள். 100 என்று நகர்த்தினால் கார்டில் 200 போகும். ஏற்றுக்கொண்டால் உடனே பணம் எடுத்துவிடுவார்கள், திரும்ப வராது. இடத்தையும் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் "இந்தத் தொகைக்கு, இந்த வகையில் மிக மோசமான இடம் கிடைத்தாலும் சந்தோஷம்தான்" என்று தோன்றினால் மட்டும் போடுங்கள். அம்மா அப்பா அறைக்கு ஏலம் வேண்டாம். லிஃப்டுக்குப் பக்கத்தில் காசு கொடுத்து வாங்கும் எண் கையைவிட்டுப் போய்விடும்.

சவுத்பியர்

டேக் பற்றி யாரும் சொல்லவில்லையே. எண் வராவிட்டால் கேபின் எண் இடத்தில் புக்கிங் எண்ணை எழுதினால் போதுமா?

பெட்டிக்கயிறு

போதாது. பெட்டியைத் தூக்கிச் செல்பவர் அறை எண்ணைப் பார்த்துத்தான் தளம் பிரிப்பார். எண் வராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். பெயர், கப்பல் பெயர், கிளம்பும் தேதி மட்டும் தெளிவாக இருக்கட்டும். மரினா பே கப்பல் முனையத்தில் பெட்டி ஒப்படைக்கும் இடத்தில் "கேரண்டி, எண் இன்னும் வரவில்லை" என்று சொன்னால், அங்கேயே பட்டியலைப் பார்த்து எழுதிக் கட்டித் தருவார்கள்.

இதைவிட மோசம், முதலில் வந்த எண்ணோடு டேக் அச்சடித்து, பிறகு எண் மாறுவது. ஒதுக்கிய எண்ணும் ஏறும் நாள்வரை மாறலாம். பெட்டி பழைய அறை வாசலில் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே டேக்கை முந்தைய நாள் இரவு அச்சடியுங்கள், அதற்கு முன் ஆப்பை ஒருமுறை திறந்து எண்ணைச் சரிபாருங்கள். தாளை நாலாக மடித்து, கைப்பிடியைச் சுற்றி, மூன்று இடத்தில் ஸ்டேப்ளர் அடித்து, மேலே டேப் ஒட்டுங்கள். வெறும் டேப் ஈரத்தில் உரிந்துவிடும்.

பெட்டி அறைக்கு வர மாலை ஆகலாம். அம்மா அப்பாவின் மாத்திரை, மருத்துவர் சீட்டு, மகளுக்கு ஒரு மாற்றுடை, நீச்சலுடை எல்லாம் கைப்பையில். பாஸ்போர்ட் கட்டாயம் கைப்பையில், ஏறுவதற்கு முன் அங்கேயே குடிநுழைவுச் சோதனை இருக்கிறது. எம்ஆர்டி ரயிலில் வந்தால் இறங்கவேண்டியது மரினா சவுத் பியர். ஆனால் முழங்கால் வலியோடும் பெட்டியோடும் அந்த நடை வேண்டாம், டாக்சி முனைய வாசலுக்கே வரும்.

இன்னொன்று. அம்மா அப்பா திரும்பி வரும்போது மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைகிறார்கள். விசா பலமுறை நுழையக்கூடியதா என்று பாருங்கள். சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் எஸ்ஜி வருகை அட்டையையும் மறுபடி நிரப்பவேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும் என்பதால் கிளம்புமுன் முடித்துவைக்க வழியில்லை. புக்கெட்டில் கரையில் இணையம் கிடைக்கும் நேரத்தில் தேதியைக் கணக்குப் பார்த்து முடித்துவிடுங்கள்.

முதல்கப்பல்

எட்டு நாள் இருக்கும்போது எங்கள் எண் வந்துவிட்டது. பால்கனி, ஐந்து இலக்கம், 13 என்று தொடங்குகிறது. அம்மா அப்பாவுக்கு வித்தியாசம் கட்டி, 8-ஆம் தளத்தில் பின்பக்க லிஃப்டிலிருந்து ஐந்தாவது கதவு எடுத்துவிட்டோம். ஐந்து தளம் தள்ளி இருக்கிறோமே, பரவாயில்லையா? 13-ஆம் தளத்தில் ஆட்டம் அதிகமா?

டெக்பிளான்

ஐந்து தளம் லிஃப்டில் ஒரு நிமிட வேலை. ஒரே தளத்தில் முன்கோடியும் பின்கோடியுமாக விழுந்திருந்தால்தான் கஷ்டம். பாட்டி தாத்தாவோடு மகள் தூங்க ஆசைப்பட்டால், வாடிக்கையாளர் மேசையில் அந்த அறைக்கும் திறக்கும் அட்டை தரமுடியுமா என்று கேளுங்கள். ஆனால் அவசரப் பயிற்சிக்கு எந்த அறையில் பெயர் பதிவோ அந்த அறையின் கூடுமிடம்தான். அதை மாற்றிக்கொள்ளக்கூடாது.

ஆட்டம், உயரத்திலும் முன்கோடியிலும் அதிகம் தெரியும். ஆனால் உங்கள் வழி மலாக்கா நீரிணை, இருபுறமும் நிலம் அடைத்த கடல், பொதுவாக அமைதியாகவே இருக்கும்.

13-இல் எனக்குக் கவலை சத்தம்தான். மேலே 14-இல் நீச்சல்குளங்கள், பின்பக்கம் விண்ட்ஜாமர் என்ற பஃபே உணவகம். விடியுமுன்னே நாற்காலி இழுக்கும் ஒலி கூரை வழியாக இறங்கும். தளப்படத்தில் 13-ஐயும் 14-ஐயும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உங்கள் எண்ணுக்கு நேர்மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் அடுத்த அறைக்கு இடைக்கதவு உண்டு, அதன் வழியாகப் பேச்சுக் கேட்கும். கதவடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் பாதி குறையும். மகளுக்காகப் பால்கனிக் கதவின் மேல்தாழ்ப்பாள் விழுகிறதா என்று அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் பாருங்கள். சரியாக விழாவிட்டால், பெட்டியைத் திறக்குமுன்னே அறைப் பணியாளரைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள்.