எனக்கு என்ன வேலைதான் வேண்டும்? யாரோ கேட்ட ஒரு கேள்வியில் தெளிந்தவர்கள் எழுதுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். மென்பொருள் பராமரிப்பில் இருக்கிறேன். டீம் லீட் பொறுப்பு தருகிறோம், யோசித்துச் சொல் என்றார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் வயிற்றைப் பிசைந்தது. ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த ஒரு மூத்தவரிடம் போய், "எனக்கு என்ன பிடிக்கும்னே தெரியல சார்" என்று புலம்பினேன்.

"அப்படிக் கேட்டா யாருக்கும் பதில் வராது தம்பி. இங்க வேலை பார்த்ததுல ரொம்ப நிறைவா இருந்த ஒரு நாளைச் சொல்லு. எரிச்சல் தலைக்கேறின ஒரு நாளைச் சொல்லு. காரணமெல்லாம் வேண்டாம், என்ன நடந்ததுன்னு மட்டும் சொல்லு" என்றார்.

நிறைவான நாள் சட்டென்று வந்துவிட்டது. மாதாந்திர அறிக்கைகள் இரண்டில் கூட்டுத்தொகை எப்போதும் துளியூண்டு இடிக்கும். "ரவுண்டிங்தான், விடுப்பா" என்று எல்லோரும் கடந்து போய்விட்ட விஷயம். ஒரு மாலை உட்கார்ந்து துருவினேன். ஒரு புரோகிராம் ஒவ்வொரு வரியையும் ரவுண்ட் செய்துவிட்டுக் கூட்டியது. இன்னொன்று மொத்தத்தையும் கூட்டிவிட்டுக் கடைசியில் ரவுண்ட் செய்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் தப்பே தெரியாது. கண்டுபிடித்ததைச் சொல்லிக்கொள்ளக்கூட அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இல்லை, இருந்தும் வானத்தில் மிதந்தேன். எரிச்சல் தலைக்கேறிய நாள், வாராந்திரக் கூட்டத்துக்கான ஸ்லைடில், வேலை சுணங்குகிறது என்று காட்டும் மஞ்சள் கட்டத்தை, எல்லாம் சரி என்று காட்டும் பச்சையாக்கச் சொன்ன நாள்.

"லீடா போனா இந்த ரெண்டுல எது அதிகமாகும்?" அவ்வளவுதான் கேட்டார். மறுநாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இது அவர் கைவைத்தியம் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. ஃப்ரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் கிட்டத்தட்ட இதே இரண்டு கேள்விகளைக் கேட்டு 1959இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நிறைவைப் பற்றிப் பேசியவர்கள் சாதித்தது, அங்கீகாரம், வேலையின் தன்மை என்று சொன்னார்களாம். வெறுப்பைப் பற்றிப் பேசும்போது நிர்வாக விதிகள், மேலதிகாரி, சம்பளம் என்று பட்டியல் மாறியிருக்கிறது. நல்லது நடந்தால் என் திறமை, கெட்டது நடந்தால் ஆபீஸ் சரியில்லை என்று மனுஷன் சொல்வது சகஜம்தானே என்று இந்த ஆய்வை விமர்சித்தவர்களும் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனாலும் அந்தக் கேள்விகள் நல்ல கேள்விகள்.

*

மேல எழுதினவருக்கு: நல்லா இருக்கு, ஆனா எல்லாருக்கும் வேலைக்குள்ளயே நிறைவு கிடைச்சாகணும்னு என்ன கட்டாயம்?

வேலை மாறணும்னு ஒரு ஆலோசகர்கிட்ட போயிருந்தேன். எட்டு அட்டையை மேசையில பரப்பினாங்க: தொழில் நுணுக்கம், நிர்வாகம், சுதந்திரம், பாதுகாப்பு, சொந்தமா ஒண்ணை உருவாக்குறது, சேவை, சவால், வாழ்க்கையோட ஒத்துப்போறது. "எது வேணும்னு எடுக்காதீங்க. எது இல்லாட்டியும் பரவாயில்லையோ அதை ஒவ்வொண்ணா கவிழ்த்துக்கிட்டே வாங்க"ன்னு சொன்னாங்க. நிர்வாகம், சவால் ரெண்டும் யோசிக்காமலே போச்சு. 'சேவை' கடைசி வரைக்கும் நிக்கும்னு நெனச்சிருந்தேன், ஏன்னா எங்க போனாலும் அதைத்தான் சொல்லிட்டு இருந்தேன். கடைசியில அதுவும் 'வாழ்க்கையோட ஒத்துப்போறது'ம் மட்டும் நின்னப்போ, என் கை தானா சேவையைக் கவிழ்த்துடுச்சு. கொஞ்சம் வெக்கமா இருந்தது. அவங்க சிரிச்சுக்கிட்டே, "அதுவும் முழு அட்டைதான் மேடம், பாதி அட்டை இல்ல"ன்னாங்க.

இந்த எட்டும் எட்கர் ஷைன்னு ஒரு உளவியல் பேராசிரியர் வகுத்தது. 1960களோட தொடக்கத்துல அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழகத்துல படிச்ச 44 பேரைப் பேட்டி எடுத்து, பத்துப் பன்னிரண்டு வருஷம் கழிச்சுத் திரும்பவும் போய்ப் பேசியிருக்கார். எதையாவது விட்டே ஆகணும்னு வரும்போது ஒருத்தர் எதை விடமாட்டாரோ அதுதான் அவரோட நங்கூரம்னு சொல்றார். வேலையில அடிபட்டு அனுபவப்பட்டாத்தான் அது தெளிவாகுமாம். அதனால இப்பத்தான் படிச்சு முடிச்சவங்க, "இன்னும் தெரியலையே"ன்னு ராத்திரி முழிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு நேர்காணல்ல, "அஞ்சு வருஷத்துல எங்க இருப்பீங்க?"ன்னு கேட்டாங்க. "இதே மாதிரி வேலையில, சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுல"ன்னு சொன்னேன். அந்த வேலை கிடைக்கல. அடுத்த இடத்துலயும் அதையேதான் சொன்னேன், சேர்த்துக்கிட்டாங்க.

*

கணக்குத்துறையில் இருந்துகொண்டு காட்டுயிர் ஆய்வுக்குப் போய்விட வேண்டும் என்று கனவு கண்டவன் நான். அந்தத் துறையில் இருக்கும் ஒருவரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தது. "வேலை எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லோரும் அருமை என்பார்கள் என்பதால், "நேற்று காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். தானியங்கிக் கேமராவில் பதிவான படங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாராம். விலங்கு நகர்ந்தால் படம் எடுக்கும் கேமரா அது, காற்றில் புல் ஆடினாலும் எடுத்துவிடும். "நேற்று முழுக்கப் புல்தான் பார்த்தேன், நடுவில் ஒரு முள்ளம்பன்றியின் பின்பக்கம்" என்றார். அந்த முள்ளம்பன்றியைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, அது எனக்கு வருமா என்று சோதித்துப் பார்க்க நினைத்தேன்.

வேலையை விட வேண்டியிருக்கவில்லை. 'ஸ்னாப்ஷாட் செரெங்கெட்டி' மாதிரியான திட்டங்களில், வீட்டிலிருந்தே யார் வேண்டுமானாலும் இத்தகைய படங்களைப் பார்த்து விலங்கை அடையாளம் சொல்லலாம். சில வார இறுதிகள் உட்கார்ந்தேன். புல் எனக்கு அலுத்தது, விலங்குகள் அலுக்கவில்லை. ஆக எனக்கு வேண்டியது காட்டுக்குப் போவது, ஆய்வு இல்லை. இப்போதும் கணக்குத்தான் பார்க்கிறேன், விடுமுறையை மட்டும் வேறு மாதிரிச் செலவழிக்கிறேன். எந்த மாதிரி வேலை நமக்குப் பிடிக்கும் என்று கணிக்கும் கேள்வித்தாள்களும் எழுதியிருக்கிறேன், 'ஆராயும் இயல்பு' என்பதில்தான் மதிப்பெண் உச்சத்தில் வந்தது. அது பொய்யில்லை. தணிக்கையில் கணக்கைத் துருவுவதும் ஆராய்வதுதானே!

*

முதலில் எழுதியவன்தான். பதவி உயர்வு வேண்டாம் என்றதால் சம்பளம் என்ன ஆயிற்று என்று தனியே கேட்டிருந்தார்கள். அந்த ஆண்டு உயர்வு குறைவுதான். ஆட்களை மேய்க்காமல் தொழில்நுட்பப் பாதையிலேயே மேலே போகும் பதவிகள் சில நிறுவனங்களில் உண்டு. உங்கள் இடத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் ஒரு கட்டத்துக்கு மேல் சம்பளம் நகராது. அதைத் தெரிந்துகொண்டே வேண்டாம் என்று சொல்லுங்கள். மறுக்கும்போது, "எனக்குத் தகுதியில்லை" என்ற தொனியும் வேண்டாம். எந்த மாதிரிச் சிக்கல்களை என்னிடம் தள்ளலாம் என்று நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன், இப்போது அவைதான் என் மேசைக்கு வருகின்றன.