பேஸ்: கதழ்வா, நடையா, வழிநேரமா?

தஞ்சாவூரிலிருந்து:
மாரத்தானுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஒரு பக்கத் தாள் அச்சுக்குப் போகணும், வெள்ளிக்கிழமை கெடு. கல்லணைக் கால்வாய்க் கரையில் 30 கி.மீ.: போக 15, வர 15. 42.195 கி.மீ.யை 4 மணி நேரத்தில் முடிக்க நினைப்பவருக்குப் பந்தயத்தன்று கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி. நீண்ட பயிற்சியில் அதைவிட முக்கால் முதல் ஒன்றரை நிமிடம் மெதுவாகப் போகலாம். அதனால் கிலோமீட்டருக்குப் போகும்போது 7.00 (7 நிமிடம்), வரும்போது 6.30 (6 நிமிடம் 30 நொடி); மொத்தம் 3 மணி 22½ நிமிடம். இந்த எண்ணுக்கு 'வேகம்' என்று எழுதியிருந்தேன். "15 கி.மீ.க்குப் பிறகு வேகத்தை 6.30 ஆகக் குறைக்கவும்" என்று வந்து நிற்கிறது. படிக்கிற பையன் மெதுவாக ஓடுவான்! பேஸ் (ஒரு கி.மீ. ஓட ஆகும் நேரம்), நெகட்டிவ் ஸ்பிளிட் (முன்பாதியைவிடப் பின்பாதியை வேகமாக ஓடுவது) இரண்டுக்கும் சொல் கொடுங்கள்.

குடந்தையிலிருந்து:
"கதழ்வும் துனைவும் விரைவின் பொருள" என்று தொல்காப்பியர் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கதழ்வு என்றே போடுங்கள். கதி என்பதும் கதழிலிருந்து கிளைத்ததுதான்.

மன்னார்குடியிலிருந்து:
ஐயா, கதி 'கம்' என்ற வடமொழி வேரில் பிறந்தது. அந்த வழக்கு இன்னொரு நாள். கதழ்வும் விரைவுதானே? 7.00 என்றால் மணிக்கு 8.57 கி.மீ., 6.30 என்றால் 9.23. எண் இறங்கினால் விரைவு ஏறுகிறது. விரைவு, வீதம், கதி எதைப் போட்டாலும் இதே பள்ளம்தான். நேரத்தைச் சொல்லும் சொல் வேண்டும். 'நாழிகைவழி' என்று ஓர் அளவு நம்மிடம் இருந்தது: ஒரு நாழிகையில், 24 நிமிடத்தில், நடக்கிற தொலைவு. அதைத் திருப்பிப் போட்டால் வழிநேரம்.

மயிலாடுதுறையிலிருந்து:
திஸ்ர நடை, கண்ட நடை என்று தாளத்தின் ஓட்டத்துக்கு நாகஸ்வரக்காரர் வாயில் தினம் புழங்கும் 'நடை' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? சாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியை மெதுவான கீழ்க்காலத்தில் எடுத்து விரைவான மேல்காலத்துக்கு ஏற்றுவதும் உங்கள் நெகட்டிவ் ஸ்பிளிட்தான்.

தஞ்சாவூரிலிருந்து:
அம்மா, ஓட்டத் தாளில் நடை என்று போட்டால் நடந்தே போய்விடுவார்கள். மல்லாரியும் காலத்துக்குக் காலம் இரட்டிக்கும். இங்கே வித்தியாசம் அரை நிமிடம்.

குடந்தையிலிருந்து:
அப்படியானால் பின்முடுகு. பின்முடுகு வெண்பாவில் பின்பாதிதானே முடுகும், அதாவது சந்தம் விரையும்?

மன்னார்குடியிலிருந்து:
சொல் அழகு. ஆனால் 'முடுகு' கண்ணில் பட்டதும் திரும்புகிற இடத்திலிருந்தே பாய்வான். முன்பாதியை அடக்குவதுதான் இதில் வேலை. முதல் 5 கி.மீ.யை 6.00-இல் ஓடினால் 5 நிமிடம் மிச்சம். தசையில் சேமிப்பாக இருக்கிற சர்க்கரை, கிளைகோஜன், அதற்கேற்ப முன்கூட்டியே கரையும், 25-க்கு மேல் 8.00-க்குத் தள்ளிவிடும். டெல்டா ஈரக்காற்றில் வியர்வை உலராது, ஒரே பேஸில் போனாலும் இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே இருக்கும். போகும் 15-லும் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் 7.15-க்கு மெதுவாகணும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 150 மி.லி. தண்ணீர், இடையில் உப்பு. மரநிழலில் ஜி.பி.எஸ். கடிகாரத்தின் உடனடி எண் 6.10, 7.40 என்று குதிக்கும். முடிந்த கிலோமீட்டரின் லேப் சராசரியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பின்முடுகு போடுவதானால் இதையெல்லாம் அதற்குக் கீழேயே போடுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து:
பிள்ளைகள் பேஸ் என்றுதான் சொல்கிறார்கள். அப்படியே விடுங்களேன்.

குடந்தையிலிருந்து:
விட்டால் அடுத்த தாளில் 'ரன்' என்று வரும். வழிநேரமும் ஒப்பவில்லை, அது பயணநேரம் ஆகிவிடும்.

தஞ்சாவூரிலிருந்து:
அச்சகத்தில் கேட்கிறார்கள். 'கி.மீ. நேரம்' என்று போட்டுவிட்டேன், மூன்று பேர் சரி என்றார்கள். பின்முடுகும் இருக்கிறது. வாக்கியம் இப்போது: "திரும்பிய பிறகு கி.மீ. நேரத்தை 7.00-இலிருந்து 6.30-க்குக் குறைக்கவும், அதாவது சற்று வேகமாக ஓடவும்."

குடந்தையிலிருந்து:
'அதாவது' போட்டு விளக்க வேண்டிய சொல் கலைச்சொல் அல்ல. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அந்த 'லேப்'புக்கு என்ன போட்டீர்கள்?