புதுப்பிப்பு: அம்மாக்களுக்கான மளிகை வகுப்பில் எது எடுபட்டது

அங்கன்வாடியில் மளிகை வாங்குவதையும் மன அழுத்தத்தைக் குறைப்பதையும் ஒரே வகுப்பில் சொல்லித்தருவது எப்படி என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எடுபட்டது, "சார்ட் வேண்டாம், வீட்டிலிருக்கும் காலி பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லுங்க" என்ற யோசனைதான். முதலில் சேர்மானப் பட்டியல்: எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் இருக்கும். முதல் மூன்றுக்குள் சர்க்கரையோ மைதாவோ பாமாயிலோ வந்தால் அது தினசரிப் பண்டம் இல்லை. அடுத்து, 100 கிராமில் உள்ள சர்க்கரையை 4-ஆல் வகுத்தால் டீஸ்பூன் கணக்கு. 24 கிராம் என்றால் 6 டீஸ்பூன். அதைக் கண்ணாடி டம்ளரில் கொட்டிக் காட்டியதும் பேச்சே தேவைப்படவில்லை. 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று போட்டிருந்தாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து செய்யும் பொடி) இருக்கிறதா பாருங்கள்; அதுவும் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

எதிர்பாராத சிக்கல் பொடி எழுத்து. போன் கேமராவில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்தார்கள்.

மூச்சுப் பயிற்சியில் 'கண்ணை மூடி உட்காருங்க' எடுபடவே இல்லை. மடியில் குழந்தை, எப்படி மூடுவது? நின்றபடி, கண் திறந்தபடி, 4 எண்ணும்வரை உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே, ஐந்து சுற்று என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. சிலருக்குத் தலை சுற்றியது. ரொம்ப ஆழமாக இழுத்ததால்தான். வழக்கமான மூச்சுக்கே வந்துவிடச் சொல்லுங்கள். செய்ய ஏற்ற நேரம், கடைக்குள் நுழையும் முன். பிள்ளைக்கு முன்கூட்டியே கொஞ்சம் சுண்டல் கொடுத்திருந்தால் பில் போடுமிடத்து மிட்டாய் ரகளையும் குறையும்.