தலசீமியா பரிசோதனைக்குத் தாய்மார்கள் இசைய மறுக்கிறார்கள்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு நலக்கல்வி அளித்து வருகிறேன். தை மாதம் முதல் தலசீமியா என்ற பரம்பரை ரத்தச்சோகை நோய் பற்றிப் பேசுகிறோம். ஆர்வமாகக் கேட்கும் தாய்மார்கள், மணமாகாத மகள் இந்நோயின் மரபணுவைத் தாங்கியிருக்கிறாளா என்று அறிய ரத்தத்தில் ஹெச்பிஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவைப் பார்க்கலாம் என்றதும், வரன் தட்டிப்போகும் என்று எழுந்துவிடுகிறார்கள். அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் முடிக்கும் வழக்கம் இங்கே இருப்பதால், கணவன், மனைவி இருவருமே நோய்க்கூறு தாங்கிகளாக அமையும் வாய்ப்பு கூடுதல்.

துண்டறிக்கை கொடுத்தோம், செவிலியரைப் பேசவைத்தோம். ஓரளவு எடுபட்டது புளியங்கொட்டைதான். தாய விளையாட்டுக்குத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கம் தேய்த்த இரண்டு கொட்டைகளைத் தாங்கிகளான தாய், தந்தை என்று வைத்து உருட்டி, இரண்டும் வெள்ளையாக விழுந்தால் குழந்தைக்குக் கடும் நோய், அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு, ஒவ்வொரு கருவுக்கும் புதிதாக உருட்ட வேண்டும் என்று காட்டினேன். புரிந்தது, அச்சம் போகவில்லை. தாங்கியாக இருப்பது நோயல்ல என்பதையும் நம்ப மறுக்கிறார்கள். கர்ப்பிணிகளிடம் எதிர்ப்பில்லை, ஆனால் அவர்கள் வருவதற்குள் பெரும்பாலும் மூன்று மாதம் கடந்து, கருவைச் சோதித்து முடிவெடுக்க அவகாசம் குறைந்துவிடுகிறது.

பெண்ணை மட்டும் தனித்துக் காட்டாமல், மணத்துக்கு முன்பே ஆண்களையும் சேர்த்துப் பரிசோதிக்க வைத்தவர்கள், ஊரில் முதலில் யாரிடம் பேசித் தொடங்கினீர்கள்?