சப்வூஃபர் அதிரும்போது ஆம்ப்ளிஃபையர் நின்றுவிடுகிறது: பெரிய பேட்டரி போட வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். என் சிறிய காரின் டிக்கியில் சென்ற மாதம் 12 அங்குல சப்வூஃபர் ஒன்றும் மோனோ ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் பொருத்தினேன். சப்வூஃபரின் அட்டையில் 1200 வாட் என்று பெரிதாகவும், ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் திறன்) 350 வாட் என்று சிறிதாகவும் அச்சிட்டிருக்கிறார்கள்; ஆம்ப்ளிஃபையரில் 2000 வாட் என்றிருக்கிறது. ஒலியைக் கூட்டினால் சில நொடிகளில் ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் நின்றுவிடுகிறது. இரவில் முகப்பு விளக்கும் லேசாக மங்குகிறது. பொருத்திய கடையில் பெரிய பேட்டரியும், மின்சாரத்தைச் சேமித்துச் சட்டென்று தரும் 1 ஃபாரட் கெப்பாசிட்டரும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? அல்லது அந்தப் பணத்தில் இன்னொரு சப்வூஃபர் போடலாமா?

பதில்:
இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், நண்பரே. அட்டையில் உள்ள பெரிய எண்களை மறந்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரிலேயே செருகியிருக்கும் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அது பொய் சொல்லாது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சீராக ஒலிக்கவிட்டபடி, மல்டிமீட்டரால் பேட்டரியிலும் ஆம்ப்ளிஃபையரின் முனைகளிலும் வோல்ட் அளந்து எழுதுங்கள். ஆம்ப்ளிஃபையரின் எர்த் முனைக்கும் (காரின் உடல் தகட்டோடு இணைவது) பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையிலும் அளக்க வேண்டும். ஐந்து மீட்டர் வயராவது தேவைப்படும்.

கேள்வி கேட்டவர்:
25 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருக்கின்றன. ஒலி இல்லாதபோது பேட்டரியில் 14.1 வோல்ட், ஒலிக்கும்போது 13.6. அதே நேரத்தில் ஆம்ப்ளிஃபையரில் 10.9 மட்டுமே இருக்கிறது. எர்த்துக்கும் நெகட்டிவுக்கும் இடையே 1.9 வோல்ட் காட்டுகிறது.

பதில்:
உங்கள் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நன்றாகத்தான் இருக்கின்றன; மின்சாரம் வழியிலேயே தொலைகிறது. தொலையும் 2.7 வோல்ட்டில் 1.9 எர்த் பக்கத்திலும், மீதி 0.8 பாசிட்டிவ் வயரிலும் போகிறது. ஃபியூஸ் கணக்குப்படி 50 ஆம்பியரை 13.8 வோல்ட்டால் பெருக்கி, டி வகுப்பு (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப்ளிஃபையருக்கு 80 சதவீதத் திறன் என்று வைத்தால், சுமார் 550 வாட்டுக்கு மேல் அதனால் தொடர்ந்து தர முடியாது. ஆனாலும் 350 வாட் ஆர்.எம்.எஸ். சப்வூஃபருக்கு அது தாராளம். கெப்பாசிட்டரைப் பற்றி ஒரு கணக்கு: 1 ஃபாரட் கெப்பாசிட்டர் ஒரு வோல்ட் இறங்கும்வரை 40 ஆம்பியர் கொடுத்தால், அது நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரமே தாங்கும். கடைக்காரருக்கு லாபம், உங்களுக்கு அதில் எரியும் ஒரு நீல விளக்கு. எர்த் எங்கே முடுக்கியிருக்கிறது?

மற்றொருவர்:
ஐயா சொன்னதோடு, பாசிட்டிவ் வயரின் ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அந்த ஃபியூஸ் வயரைக் காப்பதற்காக வைப்பது. அது டிக்கியில் இருந்தால், எஞ்சின் அறைத் தகட்டில் வயர் உரசி ஷார்ட்டாகும்போது தீப்பிடிப்பதைத் தடுக்க எதுவும் இல்லை.

கேள்வி கேட்டவர்:
எர்த், வயர், ஃபியூஸ் மூன்றும் நீங்கள் சொன்னபடியே இருந்தன. எர்த் லக்கை (வயர் முனையின் உலோக வளையம்) பின் சீட்டின் போல்ட்டில் பெயின்ட்டின் மேலேயே முடுக்கியிருந்தார்கள். கழற்றியபோது லக்கின் விளிம்பு கருகியிருந்தது. உப்புத்தாளால் தகடு பளபளக்கும்வரை தேய்த்து, அரை மீட்டருக்கும் குறைவான வயரில் புதிதாக முடுக்கினேன். 8 கேஜ் அலுமினிய வயருக்குப் பதிலாக அதைவிடத் தடிமனான 4 கேஜ் செம்பு வயர் இழுத்து, பேட்டரியின் அருகிலேயே 60 ஆம்பியர் ஃபியூஸ் போட்டாயிற்று. இப்போது எர்த் பக்கம் 0.1 வோல்ட்தான், ஆம்ப்ளிஃபையரில் 13.3 கிடைக்கிறது. அரை மணி நேரம் ஓடியும் சிவப்பு விளக்கு எரியவில்லை. இன்னொரு சப்வூஃபர் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஆனால் பின்பக்கம் புதிதாக ஒரு கடகடப்பு கேட்கிறது.

பதில்:
நம்பர் பிளேட்டாக இருக்கும். விரலால் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். சத்தம் நின்றால் பின்னால் ஃபோம் டேப் ஒட்டுங்கள்.