லக் என்பதற்குப் ‘பூண்’ சரிவருமா?

வணக்கம்.

போன வாரம் காவேரிப்பட்டணத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் சைக்கிள் ஃப்ரேம் ஒன்று வாங்கினேன். எடைக்குத்தான் போட்டார்கள். ஸ்டிக்கர் இல்லை, முன்பக்கம் கம்பெனிப் பெயரோடு பதிக்கும் முன்வில்லை இல்லை, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் இல்லை. மேலே குறைந்தது மூன்று தரம் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். யார் செய்தது என்று கண்டுபிடித்துத் தமிழில் எழுதி வைக்கலாமென்று உட்கார்ந்தால், முதல் வரியிலேயே ‘லக்’ (lug) குறுக்கே நிற்கிறது. அதற்குத் தமிழில் என்ன சொல்வது?

குழாயும் குழாயும் சேருமிடத்தில் கவிந்திருக்கும் உறைதான் லக். குழாய்களை அதற்குள் செருகி, பித்தளையை உருக்கிவிட்டு ஒட்டுவார்கள். பெயரழிந்த ஃப்ரேமில் அதன் விளிம்பு வளைவையும் முனை வெட்டையும்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

லக்குக்கு ‘இணைப்பி’ என்று இங்கே முன்பு ஓர் ஐயா சொல்லியிருந்தார். அவர் மன்னிக்க வேண்டும், அந்தச் சொல்லைக் கணினிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் சைக்கிள் கடையில் கேட்டேன், ‘ஜாயிண்ட்’ என்றார். அதைத் தமிழாக்கினால் ‘மூட்டு’. ஆனால் மூட்டு எல்லா ஃப்ரேமிலும் உண்டு, லக் அப்படியில்லை. லக் வைக்காமல் குழாய்களை நேரடியாகப் பற்றவைத்த ஃப்ரேம்களும் இருக்கின்றன. அவற்றை ‘மூட்டில்லாத ஃப்ரேம்’ என்று எழுதினால் அது எப்படி நிற்கும் என்று கேட்பார்கள்!

என் யோசனை ‘பூண்’. எங்கள் பாட்டி சாமை குத்திய உலக்கைக்கு இரும்புப் பூண் போட்டிருந்தது. மரம் பிளக்காமல் காத்தது அதுதான். பூண் என்றால் அணிகலன் என்றும் பொருள் உண்டு. பூவேலை செய்த லக்குகளைப் பார்த்தவர்களுக்கு அது பிடிக்கும். பூண்முனை, பூணில்லாச் சட்டகம் என்று சொற்களும் சிரமமில்லாமல் கிளைக்கின்றன.

— கிருஷ்ணகிரியிலிருந்து

தம்பி, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உலக்கைப் பூண் ஒற்றை வளையம். இங்கே இரண்டு மூன்று குழாய்கள் சேர்கின்றன. முதல் தடவை ‘மூட்டுப்பூண்’ என்று எழுதுங்கள், அப்புறம் பூண் என்றே போகலாம்.

அது இருக்கட்டும். பூணை மட்டும் நம்பி ‘இன்னார் செய்தது’ என்று சொல்லிவிடாதீர்கள். பூண்களை வார்த்துப் பல கம்பெனிகளுக்கு விற்றவர்கள் இருந்தார்கள். ஒரே பூண் நாலு பெயரில் வரும். மரையைப் பாருங்கள். பெடல் கைகளைச் சுழற்றும் கிராங்க் அச்சு உட்காரும் கூட்டில், மரை எண்ணும் பல் தகடான பிட்ச் கேஜ் வைத்து எண்ணுங்கள். இங்கிலாந்து அளவில் பொதுவாக அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்காமிலிருந்த ராலே கம்பெனி மட்டும் தன் வழக்கமாக 26 போட்டது. முன்வில்லை இருந்த இடத்தில் ஆணித் துளைகள் தெரிந்தால் அவற்றின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். வில்லைக்கு வில்லை அது மாறும்.

— ஓசூரிலிருந்து

அண்ணா, நீங்கள் சொன்னபடியே லேத்துப் பட்டறையில் கொடுத்தேன். துருவைச் சுரண்டிவிட்டு எண்ணினார்கள். 26!

ஆனாலும் ராலே என்று நேராக எழுதக் கை வரவில்லை. ஹம்பர் சைக்கிள் கம்பெனியை ராலே 1932இல் வாங்கியது, ரட்ஜ் கம்பெனியை 1943இல். அந்தப் பெயர்களில் வந்த ஃப்ரேமாகவும் இது இருக்கலாம். இங்கே அசன்சாலில் ராலேயோடு கூட்டுச் சேர்ந்த சென்-ராலே கம்பெனியும் இருந்தது. ஃபோர்க் மட்டும் கிடைத்திருந்தால் ஹம்பரா என்று ஊகிக்கவாவது முடிந்திருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு குழாயாக வரும் ஹம்பரின் இரட்டை ஃபோர்க்கைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். இப்போதைக்கு ‘ராலே குடும்பம், மூட்டுப்பூண் வைத்தது’ என்று குறித்துக்கொள்கிறேன். ஆணித் துளைகளைப் பெயிண்ட் அடைத்திருக்கிறது, இன்னும் கிளறவில்லை.

மூட்டுப்பூணுக்கு என் சம்மதம். கிராங்க் அச்சு உட்காரும் அந்தக் கூட்டுக்கு ‘அச்சுக்கூடு’ என்று வைக்கலாமா? சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்புக்குள்ளும் ஓர் அச்சு இருக்கிறதே, குழம்பாதா?

ஃப்ரேமைப் பார்த்ததும் ‘இது அம்பத்தூர் ஹெர்குலிஸ், நான் ஓட்டாததா’ என்று அடித்துச் சொன்ன எங்கள் மாமாவிடம் 26 மரையைப் பற்றி இன்னும் வாயைத் திறக்கவில்லை.